கழுகுக் கண்

"ஐயா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்? அம்மா ஒரு தடவை பார்த்துச் சொன்னாங்கன்னாப் போதும்."

குத்துவாளை விற்பதற்கு முன் விலை கேட்டுப்போக வந்த பெரியவர் பணிவாகத்தான் சொன்னார். பழம்பொருள் கடைக்காரருக்கு அது நெஞ்சில் தைத்தது.

முப்பது வருடமாக லென்ஸும் கையுமாக அதே மேசையில் உட்கார்ந்திருப்பவர் அவர். ஆனால் வருகிறவர்கள் தேடுவதெல்லாம், எட்டு வருடத்துக்கு முன்னால் ரசீது எழுத வந்து உட்கார்ந்த அவர் மனைவியைத்தான். அம்மாவுக்குக் கழுகுக் கண் என்று ஊரே பேசியது. போன மாதம் ஒரு பத்திரிகையில் படம்கூட வந்தது. அதில் இவருடைய முழங்கை மட்டும் தெரிந்தது.

மனைவி வந்து எதிரே உட்கார்ந்தாள். வழக்கம்போல, "நீங்க முதல்ல பாருங்க" என்றாள். ஊர் மெச்ச ஒரு மரியாதை என்று அவர் மனதுக்குள் கறுவிக்கொண்டார்.

உறையிலிருந்து வாளை உருவினார். நீரலை போல வரியோடிய எஃகு. சந்தேகமே இல்லை, அசல். பிடிக்கு வந்தார். எலும்புப் பிடி, பழசு போலவே மங்கியிருந்தது. ஆனால் அதை இறுக்கிய ஆணி இயந்திரத்தில் செய்தது. பிடியை யாரோ பின்னாளில் மாற்றியிருக்கிறார்கள். விலை பாதியாகிவிடும்.

இதை அவர் சொல்லப்போவதில்லை. இன்றைக்கு ஒரு நாளாவது அவள் சறுக்கட்டும். "நல்லாத்தான் இருக்கு" என்று வாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் நிதானமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கத்தி அசல்தான், ரொம்பப் பழசு. ஆனா பிடி... பிடி பின்னால மாத்தினது. முழுசும் அசலா இருந்தா பன்னிரண்டு லட்சம் போகும். இது ஒரு நாலு... அஞ்சு... இல்லை, ஆறு. ஆறுக்குக் குறைச்சுக் கொடுத்துடாதீங்க."

அவர் மனதில் போட்டு வைத்திருந்ததும் அதே ஆறுதான். எப்போதும் இப்படித்தான். அவர் கூட்டிக் கழித்து வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொள்வாள்.

பெரியவர் அசந்துபோனார். பிடியை மாற்றியது தன் அப்பாதான் என்றும், வேண்டுமென்றே சொல்லாமல் இருந்ததாகவும் ஒப்புக்கொண்டு, அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். கடைக்காரர் பக்கம் திரும்பவே இல்லை.

கடைக்காரர் லென்ஸைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார். நாளையிலிருந்து தான் கடைக்கு வரப்போவதில்லை, பலகையில் அவள் பெயரையே எழுதி மாட்டிக்கொள்ளலாம் என்றார்.

"இவ்வளவு கூரான கண்ணு உனக்கு இருக்கு. அப்புறம் நான் எதுக்கு இங்கே?"

அவள் முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ, என்னங்க இது? எனக்குக் கத்தியும் தெரியாது, பிடியும் தெரியாது. நீங்க ஒரு விலையை வாய்விட்டுச் சொல்றதுக்குள்ள நூறு தடவை தயங்குவீங்க, வந்தவங்க எழுந்து போயிடுவாங்க. ஆனா உங்க முகத்துக்குத் தயங்கத் தெரியாது. எட்டு வருஷமா அதைப் பார்த்துப் பார்த்துத்தானே நான் விலை சொல்றேன்."