அழுகையை நிறுத்தும் பொத்தான்

திரைச்சீலையின் கிழிசல் வழியே நடுப்பகல் வெயில் கணினியில் விழுகிறது. போர் விளையாட்டுகளைக் கிண்டல் செய்யவென்றே ஒரு போர் விளையாட்டை உருவாக்கியவன், வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு விமர்சனங்களைப் படிக்கிறான். அந்த விளையாட்டில் ஒரு சிப்பாய் செத்தால் தளபதியின் மார்பில் ஒரு பதக்கம் ஏறும். கூடவே ஒரு தாயின் அழுகை கேட்கும். பதக்கம் சேர்ப்பதை விட்டுவிட மனமே வரவில்லை என்று பத்துக்கு ஒன்பது போட்டிருக்கிறார் முதல் விமர்சகர். அழுகைதான் உயிரை வாங்குகிறதாம், நிறுத்த ஒரு பொத்தான் வேண்டுமாம். மற்ற ஏழு பேரும் அதற்கே ஒத்து ஊதியிருக்கிறார்கள். கிண்டல் என்ற சொல் ஒருத்தர் வாயிலும் இல்லை. பக்கத்து மேசையில் அதே விளையாட்டின் சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறாள் அக்கா. போரில் மகனைப் பறிகொடுத்த வருஷம், தன் குரலிலேயே அந்த அழுகையைப் பதிவுசெய்து கொடுத்தவள் அவள்தான். "என்னடா சொல்றாங்க?" என்கிறாள். "நல்லா இருக்காம்க்கா. அழுகைய மட்டும் நிறுத்தணுமாம்." அவன் தலை நிமிராமல் பொத்தானைச் செய்து, அமுக்கிப் பார்க்கிறான். சிப்பாய்கள் சத்தமில்லாமல் சரிகிறார்கள். பதக்கங்கள் மட்டும் கலகலவென்று ஏறுகின்றன. அக்கா நாற்காலியைத் திருப்பி அவன் திரையை வெகுநேரம் பார்க்கிறாள். "இப்பத்தான்டா அசல் போர் மாதிரி இருக்கு."