வாசலில் நின்று சொல்லலாம்

லாரியின் முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காயையும் தன் கையாலேயே உடைத்தார் கவுன்சிலர் பெரியண்ணன். களத்துமேட்டுத் தெரு முழுவதையும் தன் செலவில் தீர்த்தமலைக்கு அனுப்பிவைக்கிறார்.

"எல்லாத் தீர்த்தத்துலயும் குளிச்சிட்டு, சாமி கும்பிட்டு, பொழுதோட வந்து சேருங்க. சோத்துச் செலவும் என்னுதுதான்" என்றார்.

"நீங்க வரலீங்களா?" என்று கேட்டாள் மாதம்மாள்.

"எனக்கு ஆபீசுல கொஞ்சம் சோலி கெடக்குது."

தெருவே குதூகலமாக லாரியில் ஏறியது. மாதம்மாளுக்கு மட்டும் ஒரு சின்ன உறுத்தல். சேலத்திலிருந்து இந்த மாவட்டத்தைப் பிரித்து நாலு வருஷம் ஆகிறது; இப்போது நகராட்சிக்காரர்கள் வார்டுகளைப் பிரிக்கக் கிளம்பியிருந்தார்கள். களத்துமேட்டை நடுவில் பிளந்து, ஆளுக்குப் பாதியாக இரண்டு பெரிய வார்டுகளோடு ஒட்டிவிடப் போவதாகப் பேச்சு. புதன்கிழமை ஆபீசர் தெருவுக்கே வருகிறார், ஆட்சேபணை உள்ளவர்கள் அவரவர் வாசலில் நின்று சொல்லலாம் என்று தண்டோரா போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

இன்றைக்குப் புதன்கிழமை.

"ஆபீசரு வர்ற நாளாச்சுங்களே?"

"அவரு மெட்ராசுக்குப் போயிட்டாரு மாதம்மா. வெள்ளிக்கெழமதான் வர்றாரு. தெருவ ரெண்டாக்கக் கூடாதுன்னு மொதல்ல கையத் தூக்கறவனே நாந்தான், போ."

தெரு பிரியாமல் ஒரே வார்டாக நின்றால், பெரியண்ணனுக்குப் பதில் களத்துமேட்டு ஆளே ஒருவர் கவுன்சிலராகலாம். அப்படி ஆகிவிட்டால் தெருவுக்குக் குழாய் வரும். அந்தக் குழாய்க்காகத்தான் மாதம்மாள் ஒரு மாதமாக வீடு வீடாக ஏறி இறங்கி, ஆபீசர் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் பாடம் நடத்தியிருந்தாள்.

இப்போது தண்ணீருக்குக் கல்லுக்குழிக் கிணறுதான் கதி. போன வருஷம் அதன் பாசிப்படியில் சறுக்கி விழுந்துதான் அவள் மருமகள் பாஞ்சாலி ஏழு மாதச் சிசுவைப் பறிகொடுத்தாள். மாதம்மாளுக்கு அன்றைக்கு எரிந்த வயிறு இன்னும் அணையவில்லை. பாஞ்சாலி இப்போது மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள்.

பிள்ளைத்தாய்ச்சி மலைக்கோயில் ஏறக் கூடாது என்பதால் தெருக்காவலுக்கு அவளை மட்டும் விட்டுவிட்டுப் போவதென்று முடிவாயிற்று. லாரியில் ஏறும் முன் மாதம்மாள் அவளைத் தனியே அழைத்தாள்.

"ஆட்டுக்குத் தழ போடு. கொடத்தத் தூக்கிக்கிட்டுக் கெணத்துப் பக்கம் போயிறாத. தெருவுல ஆளில்லன்னு தெரிஞ்சா களவாணிப் பசங்க பூந்துருவானுங்க. யாரு வந்து கேட்டாலும் எல்லாரும் வூட்டுலதான் இருக்காங்கன்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத. மத்தியானம் கொஞ்சம் படு."

"சரிங்கத்த" என்றாள் பாஞ்சாலி. இண்டூர்ப் பக்கத்துப் பெண். மாமியார் சொல்லைத் தட்டி அறியாதவள்.

மலை மேல் மாதம்மாள் மருமகள் பேருக்கு ஓர் அர்ச்சனை செய்தாள். மனசு கேட்காமல் பெரியண்ணன் பேருக்கும் ஒன்று செய்தாள். நல்ல மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பொழுது சாயத் திரும்பி வந்தபோது பாஞ்சாலி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ஜீப்புல யாரோ பேண்ட் போட்டவரு வந்தாருங்கத்த. நம்ம கவுன்சிலரும் கூட இருந்தாரு. வார்டு பிரிக்கறதுல ஆட்சேபண இருந்தா வெளிய வந்து சொல்லுங்கன்னு தெருவப் பாத்துச் சத்தமாக் கூப்பிட்டாங்க. கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போயிட்டாங்க."

மாதம்மாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஓசிச் சோற்றுக்கு ஏமாந்துவிட்டோமே என்று தலையிலடித்துக்கொண்டாள். பெரியண்ணனை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். திட்டி என்ன ஆகப்போகிறது? விடிந்ததும் பாஞ்சாலியைக் கையோடு கூட்டிக்கொண்டு ஆபீசருக்கு முன்னால் போய் நின்றாள்.

அங்கே பெரியண்ணன் நாற்காலியில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"களத்துமேட்டுல ஒருத்தரும் ஆட்சேபண சொல்லலியேம்மா. ரெண்டாப் பிரிக்கறதுன்னு முடிவாயிருச்சு" என்றார் ஆபீசர்.

"சொல்லறதுக்குத் தெருவுல ஆளே இல்லீங்க சாமி. இவருதான் எல்லாத்தையும் லாரியில ஏத்தித் தீர்த்தமலைக்கு அனுப்பிட்டாரு. நீங்க வெள்ளிக்கெழமதான் வர்றீங்கன்னு பொய் வேற சொன்னாரு."

ஆபீசர் திரும்பிப் பார்த்தார். பெரியண்ணனின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

"ஆளில்லாத தெருன்னா நான் இன்னொரு நாள் வந்தே ஆகணும். அதுதான் சட்டம். ஆனா ஒண்ணு, நேத்து வாசல்ல நின்னு என்ன சொன்னாங்களோ அதுதான் செல்லும். இன்னைக்கு ஆபீசுக்கு வந்து மாத்திச் சொன்னா செல்லாது."

மாதம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மருமகளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"நேத்து தெருவுல இருந்தவ இவ ஒருத்திதானுங்க. இவளயே கேளுங்க. நடந்தத நடந்தபடி சொல்லு கண்ணு. எதையும் மறைக்காத."

ஆபீசர் பாஞ்சாலியை உற்றுப் பார்த்தார். "நீதானேம்மா மொத வூட்டு வாசல்ல நின்னுக்கிட்டிருந்த? தெருவுல ஆளுங்க இருக்காங்களான்னு நான் கேட்டப்ப என்ன சொன்ன?"

பாஞ்சாலி மாமியாரைப் பெருமையோடு பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எல்லாரும் வூட்டுலதான் இருக்காங்கன்னு சொன்னேனுங்க, அத்த சொல்லிட்டுப் போனாப்பலயே."