வலது காலுக்கு ஒரு சைகை

ஏற்றுமதி மண்டலத்தின் ஷூ கம்பெனியில் விண்ணரசி பல வருஷமாக இடது கால்களை மட்டுமே தைத்துவந்தாள். வலது கால்கள் மதிலுக்கு அந்தப்புறம் தயாராயின. அங்கே கேட் வேறு, பஸ் வேறு. ஜோடியாகக் கையில் கிடைத்தால் திருட்டுப் போய்விடுமாம். பெட்டிக்குள் சந்தித்த கால்கள் நேரே கப்பலேறின.

இத்தனை தைத்தும் தன் பேர் எதிலும் இல்லையே என்ற ஆத்திரத்தில், ஷூவின் நாக்குக்கு அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், நூலால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவாள். பிடிபட்டால் வேலை போய்விடும். வீட்டில் உலை கொதிப்பதே அந்த வேலையால்தான்.

ஒருநாள் மழையில் நனைந்த பெட்டிகள் துறைமுகத்திலிருந்து திரும்பிவந்தன. துடைக்க உட்கார்ந்தவள் முதன்முறையாக ஒரு வலது காலைக் கையில் எடுத்தாள். நாக்கைத் தூக்கிப் பார்த்தாள். அதே இடத்தில், நூலால் குட்டியாக ஒரு வட்டம்.

அன்று சாயங்காலம் ரயில்வே கேட்டில் இரண்டு பஸ்களும் பக்கம்பக்கமாக நின்றன. விண்ணரசி ஜன்னலுக்கு வெளியே கைகளை நீட்டி, ஆள்காட்டி விரல்களைக் குறுக்காக வைத்துக் காட்டினாள்.

"யாருக்குக்கா கை காட்டுறீங்க?" என்றாள் பக்கத்து சீட்டு ஷமீம்.

"நம்ம வலது காலுக்குடி."

ரயில் கடந்து போயிற்று. பஸ்கள் உறுமின. மதிலுக்கு அந்தப்புறத்து பஸ்ஸின் கடைசி ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது; கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வட்டமாக.