பழைய பொட்டிக்கு ஆறு ஓட்டு

"ரெண்டு புள்ளி நாலை இத்தோட விட்டுடலாம்" என்று மரிய அருள் சொல்லி முடிக்கவில்லை, சினேகா எழுந்து நின்றுவிட்டாள்.

சிதம்பரத்தில் உத்திராபதியின் பிரவுசிங் சென்டர் மாடி. 2010, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மொத்தம் ஏழு பேர். இன்றைக்குக் கடல் எப்படி, காற்று எந்தப் பக்கம், படகை இறக்கலாமா கூடாதா என்று ஸ்பீக்கரில் தமிழில் படித்துச் சொல்கிற மென்பொருள் ஒன்றை இவர்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஊருக்கு விட்டிருந்தார்கள்.

அது பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. அந்த மொழிக்கு அவ்வப்போது புதுப் பதிப்பு வரும். 2.4 என்பது ஆறு வருஷப் பழசு. பழசிலும் ஓடணும், புதுசிலும் ஓடணும் என்றால் ஏழு பேருக்கும் இரட்டை வேலை. மாசா மாசம் எல்லோரும் இதற்குத்தான் மூக்கால் அழுவார்கள்.

மற்ற ஊர்களில் எல்லாம் புதுப் பதிப்புக்கு மாற்றியாகிவிட்டது, இனி பழசைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம் என்பது அருளின் கட்சி.

"எங்க தேவனாம்பட்டினம் என்னாவறது?" என்றாள் சினேகா. "சுனாமிக்கப்புறம் எங்க ஊரு சென்டருக்குக் குடுத்த கம்ப்யூட்டர் பொட்டி அது. 2.4 தவிர எதுவும் ஏறாது. நாம விட்டுட்டா ஸ்பீக்கர் வாயத் தொறக்காது. எங்கப்பா தெனம் கடலுக்குப் போறாரு. உங்க வூட்ல யாரு போறா?"

அருள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அந்தப் பொட்டியப் பத்திக் கவலப்படாதீங்க. ஒண்ணும் ஆவாது."

"கரையில ஒக்காந்துக்கிட்டு சொல்றது சுலபம்தான்."

பதிலுக்கு அருள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான், அவ்வளவுதான். நெஞ்சில் ஈரமில்லாத ஜென்மம் என்று சினேகா அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

ஆனால் அவள் வாயை மட்டும் நம்பி வந்தவள் இல்லை. அப்பா குப்பு பஸ்ஸில் கொடுத்தனுப்பிய வஞ்சிரத்தை, ஹாஸ்டல் சமையல்காரம்மாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வறுத்து, டிபன் பாக்ஸ் நிறையக் கொண்டுவந்திருந்தாள். மூடியைத் திறந்ததும் கூட்டத்தின் கொள்கைப் பிடிப்பு ஆட்டம் கண்டது. மீன் வாசமே ஆகாது என்று சொல்லித் திரிந்த உத்திராபதி, சும்மா ருசி பார்க்கிறேன் என்று ஆரம்பித்து மூன்று துண்டை முடித்தான். கடலோர மக்களை நாம் கைவிடலாமா என்று எண்ணெய்க் கையோடு ஹரிஷ் கேட்டபோது, பாதிப் பேருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அருளும் ரெண்டு துண்டு தின்றான். தின்றுவிட்டு எதிர்த்துக் கை தூக்கினான். அந்த நெஞ்சழுத்தத்தைச் சொல்லணும்.

ஆறுக்கு ஒன்று. 2.4 பிழைத்தது.

சினேகாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பரீட்சை, அது இது என்று ஊர்ப்பக்கம் போய் மூன்று மாசம் ஆகியிருந்தது. இந்தச் சேதியை நேரில் சொல்லாமல் இருக்க முடியாது என்று கடலூர் பஸ்ஸில் தாவி ஏறினாள். கண்டக்டரிடம்கூடச் சொல்லியிருப்பாள், அவருக்குத்தான் நேரமில்லை.

தேவனாம்பட்டினத்தில் இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே ஸ்பீக்கர் வைத்த அந்தச் சென்டர். அதைப் பார்த்துக்கொள்கிற சௌந்தரம் அக்காவிடம், தான் பேசியது, அருள் வாயடைத்தது, மீன் ஜெயித்தது எல்லாவற்றையும் நடித்தே காட்டினாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எல்லாஞ் சரி கண்ணு, எந்தப் பொட்டிக்கு இவ்ளோ சண்ட?"

"இதுக்குத்தான்" என்று திரும்பிக் கை நீட்டியவள் அப்படியே நின்றாள். மேஜைமேல் பளபளவென்று வேறொரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது.

"பழசு திக்கித் திக்கிப் படிக்குதுன்னு லெட்டர் போட்டேன். ஒங்க ஆளு, கண்ணாடி போட்ட தம்பி, அருளு, போன மாசம் பஸ்ஸேறி வந்துச்சு. தன்னோட சொந்தப் பொட்டிய வெச்சிட்டுப் போச்சு. யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னுச்சு. நீ சொல்லுற கதையக் கேட்டுட்டு நான் எப்பிடி சும்மா இருக்கறது?"

சினேகாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. பழசு எங்கே என்று கேட்டாள்.

"அத அந்தத் தம்பிதான் எடுத்துக்கிட்டுப் போச்சு. அதுலதான் இப்ப வேலையே செய்யிதாம். 2.4-ஐ விட்டுடலாம்னு கூட்டத்துல சொல்லப்போறேன்னுச்சு. இந்தப் பழசுல வேற எதுவும் ஏறாதே, ஒன் பாடு திண்டாட்டமாச்சே தம்பின்னு கேட்டேன். எனக்கு ஒருத்தனுக்காக ஆறு பேரு எதுக்குக்கா ரெட்ட வேல பாக்கணும்னுச்சு."