மணல் கால்

மரியானுக்கு வெட்கமே கிடையாது. மனைவி செசிலி அப்போதுதான் பெருக்கி முடித்த முற்றத்தில், கடலிலிருந்து வந்த மணல் காலோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான்.

"ஒமக்கு கண்ணு பொடதியிலயா இருக்கு? இப்பதான தூத்தேன்!" செசிலி வாரியலை ஓங்கினாள்.

மரியான் பல்லைக் காட்டினான்.

பக்கத்து வீட்டு சிந்தியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மார்த்தாண்டத்து ஜவுளிக்கடை வேலைக்கு அவள் கிளம்பும்போது தினமும் இதே கூத்துதான். செசிலிக்கு ஈரலில் கிருமி. வாரம் ஒரு ஊசி, ஐந்து மாதமாக. ஊசி போட்டால் காய்ச்சல், உடம்பெல்லாம் வலி. அவளிடமா இந்த விளையாட்டு?

"மரியான் அண்ணே, சொகமில்லாதவள இந்தப் பாடு படுத்துதியளே. ஒருநாள் அந்த வாரியலாலயே போடப் போறா!"

"போடட்டும் மக்கா, நல்லதுதான். நீ ஒனக்க சோலியப் பாரு."

இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

அடுத்த புதன்கிழமையும் மரியான் மணல் காலோடு முற்றத்தில் ஏறினான். செசிலி நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சபாஷ், இவனை இப்படித்தான் மதிக்காமல் விடவேண்டும் என்று நினைத்தாள் சிந்தியா.

மரியானின் சிரிப்பு நின்றது. துவைத்துக் காயப்போட்ட சேலைமேல் ஈர வலையை எறிந்தான். செசிலி அசையவில்லை. தண்ணீர்க் குடத்தை உதைத்து உருட்டினான். அதற்கும் பேச்சில்லை.

"ஏதாவது சொல்லுட்டி!" என்று கத்தினான்.

அடிக்கத்தான் போகிறான் என்று சிந்தியா பாய்ந்து வந்தாள். அவனோ ரோட்டுக்கு ஓடி, ஆட்டோவோடு திரும்பினான்.

"சிந்தியா, நீயும் ஏறு. அவளப் பிடிச்சுக்கோ." செசிலியைத் தூக்கி உள்ளே உட்காரவைத்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுந்தரராஜ் செசிலியிடம் வெகுநேரம் தனியாகப் பேசிவிட்டு வெளியே வந்தார்.

"வாழவே பிடிக்கலன்னு சொல்றாங்க. பயப்படாதீங்க, அதைச் சொல்ல வைக்கிறது ஊசி. கிருமி வந்தா, சண்டை போடச் சொல்லி உடம்பே ஒரு சேதி அனுப்பும். அந்தச் சேதியைத்தான் நாம ஊசியா போடுறோம். அது ஈரலோட நிக்காம மூளைக்கும் போகும். அங்க சந்தோஷத்தைக் குறைச்சு, பதற்றத்துக்கான ஹார்மோனை ஏத்திவிடும். மருந்து தர்றேன், கண்டிப்பா சரியாயிரும். நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்க."

மரியான் துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"ஆளோட சுபாவம் மாறினா உடனே வாங்கன்னு எல்லார்ட்டயும்தான் சொல்றேன். ஒரு மாசம் கழிச்சுத்தான் வருவாங்க. நீங்க எப்படி அன்னைக்கே கண்டுபிடிச்சீங்க?"

"அவ தூத்த முத்தத்துல தெனமும் மணல் காலோட ஏறுவேன் டாக்டர். ஏசினான்னா, எனக்க செசிலி நல்லாத்தான் இருக்கா. பொறவு நானே தூத்துப் போட்டுட்டு நிம்மதியா ஒறங்குவேன்."

அவள் படுத்திருந்த அறைப்பக்கம் பார்த்தான்.

"இன்னைக்கு ஏசல்ல."