பத்தொன்பதும் பத்தொன்பதும்

"மறுபடியும் பத்தொன்பதா?"

நிரஞ்சன் தலையில் கையை வைத்துக்கொண்டான். வந்த எரிச்சலுக்கு லேப்டாப்பைத் தூக்கி ஹட்டன் பஜாரில் எறிந்துவிடலாமா என்றிருந்தது.

விஷயம் இதுதான். கொழும்புத் தலைமை அலுவலகம், புரோகிராம் எழுத உதவும் ஏஐ எடிட்டர் ஒன்றை வாங்கப் போகிறதாம். இரண்டு எடிட்டர்களை அனுப்பி, எது நல்லது என்று இரண்டு வாரத்துக்குள் சோதித்துச் சொல்லும்படி ஹட்டன் கிளையின் தலையில் கட்டிவிட்டார்கள். கிளை என்றால் புடவைக்கடை மாடியில் மூன்றே பேர். பொறுப்பாளர் நிரஞ்சன். அவனுக்குக் கீழே மதுரனும் ஜீவராணியும்.

ஒன்றை மதுரனிடமும் மற்றதை ஜீவராணியிடமும் கொடுத்தான். முதல் வாரம் ஆளுக்குப் பத்தொன்பது வேலை முடித்திருந்தார்கள். சரி என்று எடிட்டரை மாற்றிக் கொடுத்தான். இரண்டாவது வாரமும் அதே பத்தொன்பது!

"எப்படி இது? ஒண்ணு டைப் பண்ணப் பண்ண மிச்சத்தை எழுதுது. மத்தது கேட்டா முழுசா எழுதித் தருது. சுத்தம் பண்ணுன்னு சொன்னா லொகின் பக்கத்தையே அழிச்சிட்டு, சுத்தமாயிருச்சுங்குது. ரெண்டும் எப்படி சமமாகும்?"

"அதான்ணே எனக்கும் வெளங்கல" என்றான் மதுரன், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். ஜீவராணி தேத்தண்ணி ஊற்றுவதில் மும்முரமானாள்.

மூன்று மணிக்குத் தலைமை அலுவலக மேலதிகாரி பிரதாப் சார் கொழும்பிலிருந்து கூப்பிடுவார். மலைநாட்டுக் கிளைக்கு இதுகூட முடியாதா என்று கேட்பார். அந்தப் பேச்சை மட்டும் நிரஞ்சனால் தாங்க முடியாது.

பதிவுகளை ஒவ்வொன்றாகக் கிளறினான். புதன்கிழமையில் மாட்டியது.

"ஜீவராணி, புதன்கிழமை நீங்க அரைநாள் லீவு. பிள்ளையை கிளினிக் கூட்டிட்டுப் போனீங்க."

"ஆமாங்க."

"அன்னைக்குப் பின்னேரம் ஒங்க பேருல நாலு வேலை முடிஞ்சிருக்கு. எடிட்டரே வந்து ஒக்காந்து செஞ்சுதா?"

அவள் மதுரனைப் பார்த்தாள். அவன் எழுந்து நின்றான்.

"நான்தாண்ணே செஞ்சேன். ரெண்டு வாரமும் எனக்குக் கூடுச்சு, அக்காவுக்குக் கொறைஞ்சுச்சு. கூடுனதுல கொஞ்சத்தை அவங்க பேருல போட்டேன்."

"அடப்பாவி! எடிட்டரைத்தானே சோதிச்சோம், ஒங்களையா சோதிச்சோம்? ரெண்டு வாரத்தைப் பாழாக்கிட்டியே!"

"மலையில தேயிலைக் கொழுந்து நிறுக்கிறப்ப யாருக்காச்சும் கொறைஞ்சா, எங்கம்மா தன் கூடையிலருந்து ரெண்டு கை அள்ளிப் போடும்ணே. இல்லாட்டி அவங்களுக்கு அரைப்பேர்தானே, அரைநாள் சம்பளம்தான். தராசுல ஏறுறது கொழுந்து. ஆனா வெட்டுறது ஆளோட பேரை."

"ஆபீசுக்கும் மலைக்கும் வித்தியாசம் தெரியாதா? இங்க யாருடா பேரை வெட்டப் போறாங்க?"

"தம்பியைத் திட்டாதீங்க" என்றாள் ஜீவராணி. "பிரசவ லீவு முடிஞ்சு வந்து ரெண்டு மாசந்தாங்க ஆகுது. பழைய வேகம் இன்னும் வரல. வீட்டுல என் சம்பளம் மட்டுந்தான். பயந்துட்டேன்."

"படிச்சவங்க பேசுற பேச்சா இது!" நிரஞ்சனுக்குக் கோபம் அடங்கவில்லை. இனி கொழும்புக்கு என்ன சொல்வது?

போன் அடித்தது. பிரதாப் சார்தான்.

"என்ன நிரஞ்சன், முடிஞ்சுதா?"

"சார், எடிட்டர் விஷயத்துல ஒரு சின்னக் குழப்பம். இன்னும் ஒரு வாரம் தந்தீங்கன்னா..."

"எடிட்டரா? அது போன வாரமே வாங்கியாச்சு." சார் சிரித்தார். "ஒவ்வொரு கிளையிலயும் ஸ்லோவா வேலை செய்ற ஆளை இந்த மாசத்தோட நிப்பாட்டச் சொல்லியிருக்காங்க. அதுக்குத்தான் இந்தக் கணக்கு. ஒங்க பக்கம் யாரு?"

நிரஞ்சனுக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வாரமாக இந்தத் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றது தான்தான் என்று இப்போதுதான் உறைத்தது. எதிரே இருவரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க பக்கம் அப்படி யாரும் இல்ல சார். ரெண்டு பேரும் பத்தொன்பதுதான்" என்றான். "நானே எண்ணிப் பார்த்தேன்."