லேப்டாப்புக்குப் பூக்கேட்ட கதை

“எந்தப் பூ வந்தா உத்தரவுன்னு வச்சுக்கலாமுங்க?” என்று பூசாரி கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் கதிரேசன் முந்திக்கொண்டார். “சிவப்புங்க சாமி. சிவப்பு வந்தா இன்னைக்கே லேப்டாப் வாங்கிப்போடறோம். வெள்ளை வந்தா புது மாடல் வர்ற வரைக்கும் பொறுத்துக்கறோம்.”

அங்கேயே நான் தொலைந்தேன்.

அம்மன் காலடியில் வாழையிலைப் பொட்டலம் இரண்டு இருந்தன. ஒன்றில் சிவப்பு அரளி, ஒன்றில் வெள்ளை அரளி இருக்க வேண்டும். அதுதான் முறை. நான் இரண்டிலும் வெள்ளையை வைத்துக் கட்டியிருந்தேன்.

எங்கள் வீட்டில் வெள்ளைதான் உத்தரவு. பெண் பார்க்கப் போனாலும் சரி, போர் போட்டாலும் சரி, வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. இவர் வீட்டில் அது தலைகீழ் என்று, கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் ஒருத்தராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

சாமியிடமே திருட்டுத்தனமா என்று கேட்பீர்கள். கதிரேசனோடு ஒரு மாதம் குடித்தனம் நடத்திப் பாருங்கள், அப்புறம் கேளுங்கள்.

தீபாவளிக்கு வாங்கலாம் என்றேன். பொங்கலுக்குப் புது சிப் வருது என்றார். பொங்கலுக்குக் கேட்டால், சித்திரையில் அதைவிட வேகமாக ஒன்று வருதாம். ஆடியில் கேட்டேன். தள்ளுபடி போட்டுப் பழசைத் தலையில் கட்டிவிடுவானுங்க என்றார். துடியலூரில் இவர் நடத்துவது மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற பட்டறை. லேப்டாப்புக்கும் இவருக்கும் என்ன சம்பந்தமோ தெரியாது, ஆனால் யூடியூப்பில் ஒரு வீடியோ விடமாட்டார். “இப்ப வாங்கறவன் ஏமாளி” என்று இவர் சொன்னதைக் கேட்டு, பட்டறையில் நாலு பேர் இன்னும் வாங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

என்னால் அப்படி உட்கார முடியாது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு எம்பிராய்டரி டிசைன் வரைகிற வேலை வந்திருக்கிறது, வீட்டிலிருந்தே. நவ்யா வயிற்றில் இருந்தபோது விட்ட வேலை அது. ஏழு வருடம் கழித்து, நான் போட்ட பதினோராவது விண்ணப்பத்துக்குத்தான் ஒருத்தர் போன் பண்ணினார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சொந்த லேப்டாப்போடு தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்களாம்.

இன்று சனிக்கிழமை.

“ஏனுங்க, நீங்களும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். பூக்கேட்டுப் பார்த்துக்கலாம்” என்றேன் நேற்று. மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்.

“பாப்பா, கண்ணை மூடிட்டு ஒண்ணு எடு கண்ணு” என்றார் பூசாரி.

நவ்யா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இரண்டுக்கும் நடுவே கையை அப்படியும் இப்படியும் ஆட்டினாள். எதை எடுத்தால் என்னடி, இரண்டும் என் தலையில் மண்தான். “நில்லுங்க சாமி, நான் இப்படிப் பண்ணிப்போட்டேன்” என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் வீதி. சொன்னால் நான் ஊருக்குள் நடமாட முடியாது.

தாயே, வெள்ளையைச் சிவப்பாக்கிவிடு என்று வேண்டிக்கொண்டேன். வெட்கங்கெட்ட வேண்டுதல்தான்.

நவ்யா எடுத்துக் கொடுத்தாள். பூசாரி கட்டை இழுத்தார். வரவில்லை. திருகினார். “ஏனம்மணி, இந்தக் கட்டுக் கட்டி வச்சிருக்கறே?” என்று சலித்துக்கொண்டே பிரித்தார்.

சிவப்பு.

எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டேன். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. இவ்வளவு பெரிய தப்புப் பண்ணியவளுக்கும் இரங்கினாளே என்று தரையில் விழுந்து கும்பிட்டேன்.

எழுந்திருக்கும்போதுதான் பூசாரி கழற்றிப் போட்ட கட்டு கண்ணில் பட்டது.

நான் பூக்கட்டும் நூலில்தான் கட்டியிருந்தேன். கீழே கிடந்தது செம்புக் கம்பி. பட்டறையில் காயில் கட்டுகிற கம்பி.

எட்டி அந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்து ஓரமாகப் பிரித்தேன். அதுவும் சிவப்பு.

நவ்யாவுக்குக் கால் கழுவிவிடப் போனபோது பொட்டலம் வைத்த தட்டை இவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். திரும்பிப் பார்த்தேன். மனுசன் இதுவரை கோயில் மணியையே பார்த்ததில்லை என்பதுபோல அண்ணாந்து நின்றிருந்தார். சட்டைப் பை புடைத்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் போனேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “நானா வாங்கினா பட்டறைல தலை காட்ட முடியாது. அம்மன் உத்தரவுன்னா எவன் பேசுவான்? திங்கக்கெழம நீ வேலைக்குப் போயாகோணுமல்லோ. உம்பட பொட்டலம் ரெண்டும் பத்திரமா இருக்குது, பிரிக்கக்கூட இல்லை. இந்தா.”

எனக்கு அவரை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

“சாமி காரியத்துல இப்படியெல்லாம் ஏமாத்தலாமுங்களா? பாவமில்லீங்களா?” என்று கோபித்துக்கொண்டு, அந்த இரண்டையும் வாங்கிப் பிரிக்காமல் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன்.